தோட்டத்துக்கும் வீட்டுக்கும் ஒரே வண்டி: எதை வாங்குவது?

கேள்வி: ஐயா, ஒட்டன்சத்திரம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் தோட்டம். தக்காளியும் முருங்கையும் வைக்கிறோம். இரண்டு கறவை மாடு உண்டு. வீட்டில் நான், கணவர், மாமனார், மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் என ஆறு பேர். இப்போது ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல், ஒரு பைக் மட்டும்தான். தக்காளி வருஷத்துக்கு இரண்டு போகம், போகத்துக்கு இருபது பறிப்பு வரும். நல்ல பறிப்பில் 14 கிலோ பெட்டி ஐம்பது மார்க்கெட்டுக்குப் போகும். வாடகைக் குட்டியானைக்குப் பெட்டிக்கு 15 ரூபாய் கொடுக்கிறோம். முருங்கை சீசனில் 100, 150 கிலோவைப் பக்கத்துத் தோட்டத்து வண்டியில் ஏற்றிவிடுவோம். மாமியாருக்கு மூட்டுத் தேய்மானம். மாதம் ஒருமுறை மதுரை ஆஸ்பத்திரிக்கு வாடகைக் கார் பிடிக்கிறோம். மெயின் ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் 800 மீட்டர் மண் பாதை, நடுவில் ஓர் ஓடை. மழைக்காலத்தில் சில நாள் ஆட்டோகூட உள்ளே வராது. நிலம் என் பேரில் இருப்பதால் கடனும் வண்டியும் என் பேரில்தான். ரோட்டில் இறங்கும்போது 12 லட்சத்தைத் தாண்டக் கூடாது. கணவர் போலிரோ கேம்பர் எடுக்கலாம் என்கிறார். கொழுந்தனார், விவசாயி வீட்டுக்கு ஏழு சீட் போலிரோதான் சரி என்கிறார். எனக்கு எர்டிகா மாதிரி ஏழு சீட் கார் பிடித்திருக்கிறது. ஆனால் அது தோட்டத்துக்கு ஆகாது என்று சொல்கிறார்கள். ஒரே வண்டியில் இரண்டு வேலையும் நடக்குமா?
– ஒரு விவசாயி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, பெட்டிக் கணக்கு முதல் ஓடை வரை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். வண்டி வாங்கும் முன் பலர் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. அதனால் எனக்குப் பதில் சொல்வது எளிதாகிவிட்டது.

நான் ஆட்டோமொபைல் படித்தவன். இன்ஷூரன்ஸ் கிளெய்முக்காக விபத்து வண்டிகளைச் சோதித்து அறிக்கை எழுதுவது என் தொழில். இன்ஜின் எத்தனை சிசி, மைலேஜ் எவ்வளவு என்று எல்லாரும் கேட்பார்கள். வண்டி மோதிக் கிடக்கும்போது நான் முதலில் வாங்கிப் பார்ப்பது ஆர்.சி. புத்தகத்தையும் பாலிசியையும்தான். உங்கள் கேள்விக்கும் அங்கிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் சொல்லும் மூன்று வண்டிகளுக்கும் நடுவே உள்ள பெரிய வித்தியாசம் நம்பர் பலகையின் நிறம்.

கேம்பர் சரக்கு வண்டி, மஞ்சள் போர்டு. மற்ற இரண்டும் சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு. முன்னால் இரண்டு, பின்னால் மூன்று என ஐந்து பேர் உட்காரலாம். ஏறக்குறைய ஒரு டன் ஏற்றலாம். உங்கள் 50 பெட்டி 700 கிலோ என்பதால் அதற்கு இது தாராளம். ஆனால் உங்கள் வீட்டில் ஆறு பேர். பழனிக்கோ ஒரு கல்யாணத்துக்கோ எல்லாரும் கிளம்பும் நாளில் ஆறாவது ஆள் எங்கே உட்காருவார்? பின்னால் திறந்த தொட்டியில்தான். முதல் தடவை உங்கள் கணவரோ தம்பியோ ஏறுவார். பிறகு காற்று வாங்கலாம் என்று பிள்ளைகள் ஏறுவார்கள். கோயிலுக்குப் போய்த் திரும்பிய சரக்கு வண்டி கவிழ்ந்தது என்ற செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அந்த மாதிரிக் கோப்புகள் என் மேசைக்கு வருகின்றன. அவற்றில் அநேகமாக ஓட்டுநர் சொந்தக்காரர், தொட்டியில் இருந்தவர்கள் அவர் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும். இதை எழுதும்போதே எனக்கு மனசு பதறுகிறது. தயவுசெய்து அந்த ஆறாவது ஆளுக்கு இடம் இல்லாத வண்டியை வாங்காதீர்கள்.

சட்டமும் இந்த விஷயத்தில் கறாராக இருக்கிறது. சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ கூடப் போகலாம். 1994-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அவர்களுக்கு இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு கொடுத்தார்கள். சும்மா ஏறிக்கொண்ட பயணிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர்களுக்கான இழப்பீட்டைக் கம்பெனி கொடுக்கக் கடமைப்பட்டதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அப்படியென்றால் இழப்பீடு வண்டிச் சொந்தக்காரர் தலையில் விழும். உங்கள் விஷயத்தில் அது நீங்கள், உங்கள் நாலு ஏக்கர். கேம்பரின் கேபினுக்குள் ஒழுங்காக உட்கார்ந்து போகிறவர்களுக்குக்கூட, கட்டணமில்லாப் பயணிகளுக்கான பொறுப்பு என்ற கூடுதல் பிரிவைப் பணம் கட்டிப் பாலிசியில் எழுதி வாங்கினால்தான் நிம்மதி. ஷோரூமில் தானாக இதைச் சொல்லமாட்டார்கள்.

சரி, ஏழு சீட் போலிரோ வெள்ளை போர்டு ஆயிற்றே, அதில் பின் சீட்டை மடக்கிப் பெட்டி ஏற்றிக்கொள்ளலாமே என்று உங்கள் கொழுந்தனார் நினைப்பது புரிகிறது. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். இரண்டு தடைகள் இருக்கின்றன. ஒன்று எடை. ஏழு பேர் உட்காரும் எந்தப் பயணி வண்டியும் அந்த ஏழு பேரையும் அவர்கள் பைகளையும் சுமக்கத்தான் கட்டப்பட்டது. அது 550, 600 கிலோவுக்குள் வரும். 700 கிலோ தக்காளியும் ஓட்டுகிறவரும் ஏறினால் ஸ்பிரிங் தாழும், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் கூடும், டயர் சூடாகும். இரண்டாவது தடை பாலிசி. தனியார் கார் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு ஓட்டக் கூடாது, சாம்பிளும் சொந்த லக்கேஜும் தவிர சரக்கு ஏற்றக் கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். 40 பெட்டியோடு மார்க்கெட் ரோட்டில் கவிழ்ந்த காருக்கு நான் அறிக்கை எழுதினால், பெட்டிகள் கிடந்ததையும் எழுதித்தான் ஆக வேண்டும். அதன் பிறகு கிளெய்ம் இழுபறியாகும். அது உங்களுக்கு வேண்டாம்.

ஆக, விற்கப் போகிற சரக்கு மஞ்சள் போர்டில் போகட்டும். வீட்டுக்கு வருகிற சாமான் வெள்ளை போர்டில் வரட்டும். மாட்டுத் தீவன மூட்டை இரண்டு, மளிகை, சொட்டுநீர்க் குழாய்ச் சுருள் ஒன்று, ரிப்பேருக்குக் கொண்டுபோகும் ஸ்பிரேயர் இவையெல்லாம் குடும்பம் நடத்துகிற சாமான்கள். அவற்றை எந்த ஏழு சீட் வண்டியும் தாங்கும்.

இப்போது உங்கள் வாடகைக் கணக்குக்கு வாருங்கள். பெட்டிக்கு 15 ரூபாய், ஐம்பது பெட்டிக்கு 750. இரண்டு போகத்துக்கும் சேர்த்து நாற்பது பறிப்பு. எல்லாப் பறிப்பும் நல்ல பறிப்பாகவே இருந்தாலும் வருஷத்துக்கு 30,000 ரூபாய்தான். முதல் பறிப்பும் கடைசிப் பறிப்பும் ஐம்பது பெட்டி வராது என்பதால் உண்மையில் இதைவிடக் குறைவு. இந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கச் சரக்கு வண்டி வாங்கினால் என்ன ஆகும்? 2022-ல் அறிவித்த மூன்றாம் நபர் பிரீமியப்படி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் இழப்புக்கான கட்டாய இன்ஷூரன்ஸ் கட்டணப்படி, 7,500 கிலோ வரையுள்ள பொதுச் சரக்கு வண்டிக்கு வருஷத்துக்கு 16,049 ரூபாய். 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள தனியார் காருக்கு 3,416 ரூபாய். இந்த ஒரு தலைப்பிலேயே 12,000-க்கு மேல் கூடிவிட்டது. எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, அதற்கப்புறம் வருஷா வருஷம் எஃப்.சி. அதற்கு முன் பெயின்ட், பிரேக், விளக்கு என்று பட்டறைச் செலவு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒருநாள் பொழுது. மார்க்கெட்டுக்கு விடியும் முன் நீங்களே ஓட்டிப்போக வேண்டிய டீசலும் தூக்கமும் தனி. குட்டியானைக்காரர் இந்தச் சுமை எல்லாவற்றையும் 750 ரூபாய்க்குத் தன் தலையில் வாங்கிக்கொள்கிறார். அவரை விடாதீர்கள். முருங்கைக்காய்க் கட்டுகளையும் அதே ஏற்பாட்டில், பக்கத்துத் தோட்டத்தாரோடு சேர்ந்து மாதக் கணக்காகப் பேசி முடியுங்கள்.

கேம்பரை நான் குறை சொல்லவில்லை என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். பத்து ஏக்கர் தக்காளி இருந்து, வாரம் மூன்று நாள் முக்கால் டன் போகிறது, வீட்டில் நாலு பேர்தான் என்றால் நானே அதைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. கார் லைசென்ஸை வைத்தே 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. ஆகவே அவர் ஓட்டுவதிலும் சிக்கல் இல்லை. உங்கள் வீட்டுக் கணக்குக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். வெள்ளை போர்டிலேயே பிக்கப் கிடைக்குமே என்று யாராவது இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் பெயரைச் சொல்லலாம். நல்ல வண்டிகள், ஆனால் விலை உங்கள் 12 லட்சத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. இருக்கையும் அங்கே ஐந்துதான்.

சந்தைச் சரக்கைக் கணக்கிலிருந்து இறக்கிவிட்டால், போலிரோவா எர்டிகாவா என்ற கேள்வியே மாறிவிடுகிறது. போலிரோவின் பெருமை அதன் இரும்பு. கீழே தனி இரும்புச் சட்டகம், பின்னால் பட்டை ஸ்பிரிங், பின் சக்கரம் தள்ளுகிற அமைப்பு. பாரம் பின்னால் ஏற ஏற, தள்ளும் சக்கரம் மண்ணை இறுக்கிப் பிடிக்கும். ஈர மண்ணில் மேடேற அது பெரிய உதவி. முன் சக்கரம் இழுக்கும் எர்டிகாவில் நேர் எதிர். பின்னால் பாரம் ஏறினால் முன்பக்கம் லேசாகி, ஈரத்தில் சக்கரம் வழுக்கும். உங்கள் கொழுந்தனார் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

ஆனால் அந்தப் பட்டை ஸ்பிரிங் பாரம் இல்லாதபோது தூக்கிப் போடும். மதுரைக்குப் போய் வருகிற நாளில் வண்டியில் இருப்பது மூட்டைகள் இல்லை, மூட்டுத் தேய்ந்த உங்கள் மாமியார். போலிரோவில் ஏற அவர் காலை உயர்த்திப் படியில் வைத்து, கைப்பிடியைப் பிடித்து உடம்பை மேலே இழுக்க வேண்டும். இறங்கும்போது அதைவிடக் கஷ்டம், முழு எடையும் ஒரு முழங்காலில் இறங்கும். எர்டிகா மாதிரி வண்டியில் இருக்கை ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருக்கிறது. முதலில் உட்கார்ந்து, பிறகு காலை உள்ளே திருப்பிக்கொள்ளலாம். அடுத்தது மூன்றாவது வரிசை. போலிரோவில் அது பக்கவாட்டில் எதிரெதிராக இருக்கும் சீட். மோதும்போது உடம்பு முன்னோக்கிப் போகும், பக்கவாட்டில் உட்கார்ந்தவரைச் சாய்மானமும் தாங்காது. ஆறாவது ஆள் பெரும்பாலும் உங்கள் சின்னப் பிள்ளையாகத்தான் இருக்கும். குழந்தையை அந்தச் சீட்டில் உட்காரவைக்க நான் ஒருபோதும் சம்மதிக்கமாட்டேன். எர்டிகாவிலும், ரெனோ கம்பெனியின் ஏழு சீட் காரான டிரைபரிலும் மூன்று வரிசையும் முன்னோக்கித்தான் இருக்கின்றன.

டீசல் பற்றியும் ஒரு வார்த்தை. பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் வண்டிகளின் புகைக் குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி தானாக எரிந்து சுத்தமாக வேண்டுமானால் வண்டி அடிக்கடி நெடுஞ்சாலையில் சூடேறி ஒரே வேகத்தில் ஓட வேண்டும். தோட்டத்திலிருந்து ஒட்டன்சத்திரம் போய் உடனே திரும்புகிற ஓட்டத்தில் அது நடக்காது. டேஷ்போர்டில் விளக்கு எரியும், சர்வீஸ் சென்டருக்கு அலைவீர்கள். மாதம் ஒரு மதுரைப் பயணமும் தினம் சிறு ஓட்டமும் உள்ள வீட்டுக்குப் பெட்ரோல் போதும். சி.என்.ஜி. மலிவுதான், ஆனால் சிலிண்டர் பின்னால் மூட்டை வைக்கிற இடத்தைத் தின்றுவிடும். உங்களுக்கு அந்த இடம் வேண்டும்.

எனவே என் பதில், உங்களுக்குப் பிடித்த வண்டியேதான். பெட்ரோல் எர்டிகா. கையில் பணம் இன்னும் இறுக்கமாக இருந்தால் டிரைபரைப் பாருங்கள். அதன் மூன்றாவது வரிசை சீட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம், 625 லிட்டர் இடம் கிடைக்கும். ஆனால் ஒரு லிட்டர் இன்ஜின், 72 குதிரைத் திறன். ஆறு பேரோடு கொடைக்கானல் மலை ஏறினால் திணறும். எர்டிகாவின் ஒன்றரை லிட்டர் இன்ஜின் 103 குதிரைத் திறன் கொடுக்கிறது. வரியிலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், நாலு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். டிரைபர் இதில் வரும். எர்டிகா நாலு மீட்டரைத் தாண்டுவதால் 40 சதவீதம், அது ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். நீங்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது தமிழ்நாட்டு ஆயுள் வரி. 2023 நவம்பரில் வந்த விகிதப்படி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 10 லட்சத்தைக் கொஞ்சமே தாண்டுகிற மாடலை எடுத்தால் வரியில் மட்டும் அரை லட்சம் கூடும். டச் ஸ்கிரீனுக்கு ஆசைப்படாமல் 10 லட்சத்துக்குக் கீழே உள்ள மாடலைக் கேளுங்கள், உங்கள் 12 லட்சக் கணக்கு நிற்கும்.

ஓடைக்கு வருகிறேன். 800 மீட்டரும் மோசமாக இருக்காது. ஓடை தாண்டுகிற இடமும் அதற்கு இருபுறமும் உள்ள ஏற்றமும்தான் வண்டியை மாட்டவைக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த இடத்தில் இரண்டு மூன்று டிப்பர் கிராவல் கொட்டி, ஜே.சி.பி.யை விட்டு மட்டம் செய்து, ஓடைக்கு சிமென்ட் குழாய் பதியுங்கள். பஞ்சாயத்துப் பாதையாக இருந்தால் ஊராட்சியில் மனு கொடுங்கள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கிற பணத்தில் ஒரு பங்குதான் இதற்கு ஆகும். பால் வண்டிக்கும் உங்கள் குட்டியானைக்கும், அவசரத்துக்கு 108 வந்தால் அதற்கும் இந்தப் பாதைதானே. முடிவு செய்யும் முன் டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலில் முடித்துக்கொள்ளாமல், வண்டியை உங்கள் வீடு வரைக்கும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆறு பேரும் ஏறி ஓடையைத் தாண்டிப் பாருங்கள். அடிப்பாகம் தட்டினால் அங்கேயே தெரிந்துவிடும். மாமியாரை அவராகவே ஏறி இறங்கச் சொல்லுங்கள்.

வாங்கிய பிறகு ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பூச்சி மருந்து அந்த வண்டிக்குள் ஏறவே கூடாது. மூடி சரியாக இருக்கிறது என்று நினைப்போம், குலுங்கலில் துளி கசியும், கார்ப்பெட்டுக்குள் இறங்கும். பிறகு ஏ.சி. போட்டுக் கண்ணாடியை மூடினால் பிள்ளைகள் அதைத்தான் சுவாசிப்பார்கள். கழுவினாலும் லேசில் போகாது. மருந்தும் ஸ்பிரே டேங்கும் எக்ஸ்எல்லிலேயே போகட்டும், அதற்கு அந்த வண்டியை விற்காமல் வைத்திருங்கள். உர மூட்டையும் முடிந்தவரை குட்டியானையில் திரும்பும் நடையில் வரட்டும். யூரியா ஈரத்தை இழுக்கும், பொட்டாஷில் உப்பு இருக்கிறது, இரண்டும் சிந்தினால் தரைத் தகடு துருப்பிடிக்கும். தவிர்க்க முடியாமல் ஒரு மூட்டை ஏற்றினால் அடியில் தார்ப்பாய் விரித்து, அன்றைக்கே பெருக்கி எடுங்கள்.

தீவன மூட்டையை மூன்றாவது வரிசையை மடக்கி, நடு சீட்டின் முதுகோடு ஒட்டி, படுத்த நிலையில் வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி சீட் உயரத்தைத் தாண்டவிடாதீர்கள். திடீரென்று பிரேக் போட்டால் 50 கிலோ மூட்டை வண்டியின் வேகத்திலேயே முன்னால் வரும். கயிற்றால் கட்டுங்கள். ஆறு பேரும் போகிற நாளில் மூட்டை வேண்டாம். பாரம் ஏற்றுகிற நாளுக்கு டயர் காற்றழுத்தம் வேறு. ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் இரண்டு அளவும் இருக்கும்.

பாலிசி எடுக்கும்போது மூன்றாம் நபர் பாலிசி மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் உங்கள் காருக்குள் இருக்கும் உங்கள் குடும்பத்துக்குப் பாதுகாப்பு கிடையாது. எல்லாம் சேர்ந்த பேக்கேஜ் பாலிசியே எடுங்கள்.

கடைசியாக, வண்டி உங்கள் பேரில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, சொந்தக்காரரே லைசென்ஸ் வைத்திருந்தால்தான் செல்லும். ஆர்.சி. உங்கள் பேரிலும் லைசென்ஸ் உங்கள் கணவரிடம் மட்டும் என்றால் அந்தக் காப்பு இரண்டு பேருக்குமே கிடைக்காது. உங்களுக்குக் கார் லைசென்ஸ் இல்லையென்றால் வண்டி புக் செய்கிற வாரத்திலேயே எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம் போட்டுவிடுங்கள். அது ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழித்து லைசென்ஸ் தேர்வுக்குப் போகலாம். கணவர் தக்காளிப் பறிப்பில் இருக்கிற நாளில் மாமியாரை நீங்களே மதுரைக்கு அழைத்துப் போய் வரலாம்.